எல்டிஎல் 98, அப்புறம் எதற்கு மருந்து?

மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 32, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 300, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 98. "கெட்டது நூறுக்குள்தானே இருக்கிறது, டாக்டர் ஏன் மாத்திரை எழுதுகிறார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நம்மூரில் அடிக்கடி பார்க்கும் ரிப்போர்ட்தான் இது.

தேவைக்கு மேல் சாப்பிட்ட மாவும் இனிப்பும், குடிக்கும் மதுவும் கல்லீரலில் ட்ரைகிளிசரைடாகி, விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏறி ரத்தத்துக்கு வருகின்றன. இதுவரை பலருக்கும் தெரியும். வேடிக்கை இனிமேல்தான்.

ரத்தத்தில் சிஇடிபி என்றொரு புரதம் உண்டு. சரியான பண்டமாற்றுத் தரகர். விஎல்டிஎல்லில் இருந்து ட்ரைகிளிசரைடை எடுத்து எச்டிஎல்லுக்குக் கொடுப்பார். பதிலுக்கு எச்டிஎல்லின் கொலஸ்ட்ராலை விஎல்டிஎல் பக்கம் தள்ளுவார். 2007-ல் இதன் அமைப்பு வெளியானபோது, வளைந்த உடலுக்குள் ஒரு நீண்ட சுரங்கமும் அதில் கொழுப்பு மூலக்கூறுகளும் இருந்தன. எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க இன்னும் அலுக்கவில்லை. விஎல்டிஎல் பெருகினால் தரகருக்கு ஓய்வே இல்லை.

ட்ரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல்லைக் கல்லீரலின் லைபேஸ் நொதி கரைத்துச் சிறிதாக்குகிறது. அதன் புரதம் கழன்று சிறுநீரகம் வழியே அழிகிறது. எச்டிஎல் 32-க்கு இறங்கியது இப்படித்தான். எல்டிஎல்லுக்கும் இதே கதி: சிறுத்து, அடர்ந்துபோகிறது. கல்லீரலின் ஏற்பிகள் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ரத்தத்திலேயே நெடுநேரம் சுற்றி, தமனிச் சுவருக்குள் நுழைந்து, எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது.

98 என்பது கொலஸ்ட்ராலின் எடை. துகள்களின் எண்ணிக்கை அல்ல. ஒவ்வொன்றும் கொஞ்சமாகச் சுமந்தால், அதே எடைக்கு அதிகத் துகள்கள். போதாக்குறைக்கு, பல லேப்கள் எல்டிஎல்லை அளப்பதே இல்லை. மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லையும், ஐந்தால் வகுத்த ட்ரைகிளிசரைடையும் கழிக்கும் 1972-ம் ஆண்டுச் சூத்திரம்தான்: 190 − 32 − 60. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அது உதவாது.

சரி, தரகரையே முடக்கினால்? டோர்செட்ராபிப் என்ற மருந்து அதைச் செய்தது. எச்டிஎல் எகிறியது, மரணங்களும் கூடின. 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். இதைப் பணவிரயம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெறும் வயிற்றில் பூண்டு தின்றால் ரத்தம் சுத்தமாகும் என்று வாட்ஸ்அப்பில் சொல்பவர்கள் எந்தச் சோதனையும் நடத்தித் தோற்றதில்லை.

வாசகர் செய்யக்கூடிய செலவில்லாத கணக்கு ஒன்று உண்டு. மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழியுங்கள்: 158. எல்டிஎல்லோடு விஎல்டிஎல்லின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கிவிடும். எல்டிஎல்லை நூறுக்குள் வைக்க வேண்டியவருக்கு இந்த எண் 130-க்குள் இருக்க வேண்டும்.