காணாமலாக்கப்பட்டவரின் வழக்கை ஐ.நா. செயற்குழுவுக்கு எழுதும் பயிற்சி

இலங்கையின் வடக்கு கிழக்கின் செயற்பாட்டாளர்களுக்கு நடக்கும் ஐ.நா. பயிற்சிகளில் மனித உரிமைகள் பேரவைத் தீர்மானங்களைப் பேசியே பொழுது போய்விடுகிறது. ஊரில் இருப்பவர் தன் கையால் செய்யக்கூடியது வேறொன்று: வலிந்து காணாமலாக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்கு ஒரு வழக்கைப் பிசகில்லாமல் எழுதி அனுப்புவது. அதற்குச் சட்டத்தரணி வேண்டாம், கட்டணம் இல்லை, உள்நாட்டு நீதிமன்றங்களில் ஏறி இறங்கியிருக்கவும் தேவையில்லை.

எந்த வாசலைத் தட்டுவது என்பதிலேயே முதல் பிழை நேர்கிறது. 1980இல் தொடங்கிய இந்தச் செயற்குழு 1990இல் நடந்ததையும் ஏற்கும், 2009இல் நடந்ததையும் ஏற்கும். காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தின் (உடன்படிக்கையின்) கீழ் இயங்கும் குழு அப்படியல்ல. இலங்கை அந்தச் சமவாயத்தை ஏற்றது 2016 மே மாதத்தில். அதற்கு முந்திய சம்பவத்தை அந்தக் குழுவின் அவசர நடவடிக்கைக்கு அனுப்பினால் எடுக்கமாட்டார்கள். செயற்குழுவிலும் மூன்று மாதத்துக்குள் நடந்ததற்கு அவசர நடைமுறை, பழையதற்கு வழமையான நடைமுறை.

படிவத்துக்கு முழுப்பெயர், குறைந்தது மாதமும் ஆண்டும், கடைசியாகக் கண்ட இடம், யார் கொண்டுபோனது, குடும்பம் எங்கெல்லாம் தேடியது ஆகியவை கட்டாயம். பெயரில்தான் அதிகம் சிக்கும். பொலிஸ் முறைப்பாட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, செஞ்சிலுவைச் சங்கத் துண்டில் மூன்றாவது. எல்லாவற்றையும் எழுதுங்கள், முதலெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரையும் சேருங்கள். தொண்ணூறுகளிலேயே யாராவது அனுப்பியிருக்கலாம், பழைய வழக்கு இலக்கம் உண்டா என்றும் கேளுங்கள்.

“வெள்ளை வான் வண்டியில் வந்து பிடித்தார்கள்” என்பது மட்டும் போதாது. அரச தரப்பின் தொடர்பு தெரியவேண்டும். சீருடையா, என்ன மொழி பேசினார்கள், ஊரடங்கு வேளையா, சோதனைச் சாவடியைத் தடையின்றிக் கடந்ததா? “2009இல் போர் முடியும்போது முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தோம்” என்றால் கையளித்தது யார், அருகில் நின்றது யார், பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டது யார்? காணாமலாக்கப்பட்டவரின் அம்மா சொல்லாததை நாம் ஊகித்து நிரப்பக்கூடாது.

எழுதியதைத் தமிழில் முழுதும் வாசித்துக் காட்டிய பிறகே சம்மதம் கேளுங்கள். வழக்கின் விபரம் அரசாங்கத்துக்குப் போகும். அனுப்பியவரின் பெயரை மறைக்கும்படி கேட்கலாம். இதைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து சம்மதமே அல்ல. பின்னர் யாராவது வீட்டுக்கு வந்து மிரட்டினால், வந்த திகதியையும் பேசியதையும் குறித்து உடனே செயற்குழுவுக்கு அறிவியுங்கள்.

இந்தச் செயற்குழு குற்றவாளியைத் தீர்மானிக்காது, நட்டஈடும் தராது. ஆளுக்கு என்ன நடந்தது என்று அரசாங்கத்திடம் கேட்கும். தெளிவாகும்வரை வழக்கைத் திறந்தே வைத்திருக்கும். ஆனால் அரசாங்கம் விபரமான பதில் ஒன்றைக் கொடுத்தால், அது வழக்கை அனுப்பியவருக்கே வரும். ஆறு மாதத்துக்குள் மறுப்பு எழுதாவிட்டால் வழக்கு தெளிவுபடுத்தப்பட்டதாகிவிடும். செயற்திட்டம் முடிந்து ஊழியர் விலகி, அவரது மின்னஞ்சலும் செத்துப்போன இடத்தில் அந்தப் பதிலை வாசிக்க எவரும் இல்லை. அதனால் அமைப்பின் நிரந்தர முகவரியைக் கொடுங்கள். முதிய பெற்றோருடன் இளைய உறவினர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் கோப்பில் வைத்து, ஆண்டுக்கொருமுறை சரிபாருங்கள்.