வெயில் ஊருக்கு ஏற்ற கேக்: பிரவுனியின் இளக்கம் எங்கிருந்து வருகிறது?

பட்டர் கேக் அடிப்பவர்களுக்குத் திருகோணமலையின் வைகாசியும் ஆனியும் ஆகாத மாதங்கள். பட்டரும் சீனியும் வெளுத்துப் பொங்கும்வரை அடிக்க வேண்டும் என்பது அந்தக் கேக்கின் முதல் விதி. அடிக்கும்போது சீனி மணிகளின் கூரிய விளிம்புகள் பட்டருக்குள் காற்றைக் குமிழ் குமிழாக இழுத்துச் செல்கின்றன. அந்தக் குமிழ்கள் உடையாமல் நிற்க, பட்டர் பாதி திடமாக, ஏறத்தாழ 20 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் நாளில் உவர்மலையில் ஒரு வீட்டுக் குசினி பகலில் 33, 34 பாகைக்குப் போய்விடும். பட்டர் உருகுவதும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து அடித்தாலும் கையை எடுத்த உடனே இளகத் தொடங்கிவிடும்.

பிரவுனி என்ற சொக்லேட் கேக் தொடங்குவதே பட்டரை உருக்குவதில்தான். மற்றக் கேக்குகள் பயப்படும் நிலையிலிருந்து புறப்படுவதால், நம்முடைய வெயிலோடு அதற்குச் சண்டை இல்லை. சிக்காகோவில் 1893 இல் நடந்த உலகக் கண்காட்சிக்காகத் தாங்களே இதை முதலில் செய்ததாக அங்குள்ள பாமர் ஹவுஸ் ஹோட்டல் சொல்லி வருகிறது. அந்தக் கதை எப்படி இருந்தாலும், இன்று நிலாவெளி, உப்புவெளிக் கரையில் பிரவுனி விற்பனையாவதற்கு வெள்ளைக்காரப் பயணிகள் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம்.

அளவைப் பாருங்கள். நம் வீட்டுப் பட்டர் கேக்கில் பட்டர் ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், மா ஒரு இறாத்தல். பிரவுனிக்கு, 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு ஒன்றுக்கு, பட்டர் 150 கிராம், கறுப்புச் சொக்லேட் 150 கிராம், சீனி 225 கிராம், முட்டை மூன்று, கொக்கோத்தூள் 30 கிராம், கோதுமை மா வெறும் 75 கிராம். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் வனிலா. பேக்கிங் பவுடர் வேண்டாம். மாவைப் போல மூன்று மடங்கு சீனி என்றதும், "பாதியாகக் குறைக்கலாமே" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். குறைக்கலாம்தான், ஆனால் கிடைப்பது கொக்கோ போட்ட பாண்.

ஏனென்றால் இங்கே சீனி இனிப்புக்காக மட்டும் வரவில்லை. முட்டையிலும் பட்டரிலும் உள்ள தண்ணீரைக் கூட்டினால் ஏறத்தாழ 135 கிராம் வரும். அவ்வளவு தண்ணீருக்குள் 225 கிராம் சீனி இறங்கினால் தண்ணீரின் பெரும்பகுதி சீனியின் பிடியில் போய்விடுகிறது. மாவிலுள்ள மாப்பொருள் தனித் தண்ணீரில் 60 பாகையை ஒட்டியே உப்பிப் பசையாகத் தொடங்கும். கெட்டிப் பாகுக்குள் அது 80, 90 பாகை வரை தள்ளிப்போகும். முட்டைப் புரதம் இறுகுவதையும் சீனி பின்போடுகிறது. தட்டை ஓவனிலிருந்து எடுக்கும் நேரத்தில் ஓரங்கள் கேக்காகியிருக்க, நடுப்பகுதியில் மாப்பொருள் அரைகுறையாக உப்பிய நிலையிலேயே நின்றுவிடும். பிரவுனியின் பிசுபிசுப்பு பெரும்பாலும் இப்படி முடியாமல் நின்ற வேலையால் வருவது.

மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வந்து இறங்குவதை நம் சீனக்குடாவிலேயே பிரிமா ஆலை அரைக்கிறது. அந்த மாவின் புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளுற்றன் என்ற இழுபடும் வலையாகின்றன. பாணுக்கும் ரொட்டிக்கும் வேண்டிய அந்த வலை இங்கே தேவையில்லை. உருகிய கொழுப்பு மாத்துணிக்கைகளைப் பூசித் தண்ணீரைத் தடுக்கிறது. மிச்சத்தை நம் கைதான் பார்க்க வேண்டும்: மா கண்ணுக்கு மறைந்ததும் கலக்குவதை நிறுத்துங்கள்.

மேலே மின்னுகிற, தொட்டால் நொருங்குகிற அந்த மெல்லிய தோல் பலருக்குக் கைவராமல் போவதற்குக் காரணம் நம் கடைச் சீனியின் பருமன். முட்டையோடு அடிக்கும்போது சீனி கரைய வேண்டும். கரைந்த சீனியும் முட்டைப் புரதமும் கலந்த படலம் மேற்பரப்பில் விரைவாகக் காய்ந்து கண்ணாடிபோல் இறுகுவதே அந்தத் தோல். மணி மணியாகக் கிடக்கும் சீனி படலமாகாது. கிரைண்டரில் ஒரு சுற்று அரைத்துக்கொள்ளுங்கள், அல்லது சூடான பட்டரிலேயே போட்டுக் கிளறுங்கள். பிறகு முட்டையோடு ஐந்து நிமிடமாவது அடியுங்கள். சிவப்புச் சீனியோ பனங்கட்டியோ பாதிக்குமேல் போனால் மணம் நன்றாக இருக்கும், ஆனால் அவற்றிலுள்ள குளுக்கோசும் பிரற்றோசும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தோல் மங்கிவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் எந்தச் சீனி போட்டாலும் அடுத்த நாள் தோல் பிசுபிசுத்துப் போகும். காய்ந்த சீனிப் படலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்காது.

இனி உள்ளே போடும் சாமான்கள். இதில் ஒரே ஒரு பௌதிக விதியை மனதில் வைத்தால் போதும்: ஓவன் 175 பாகையில் எரிந்தாலும், கலவைக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் உட்பகுதி 100 பாகையைத் தாண்டாது. புரதமும் சீனியும் சேர்ந்து பொன்னிறமும் வறுத்த மணமும் தரும் வினையை 1912 இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் விவரித்தார். அது சுறுசுறுப்பாக நடக்க 140 பாகையளவு சூடும் காய்ந்த பரப்பும் வேண்டும். ஆகவே பச்சைக் கஜுவை அப்படியே கலவையில் போட்டால் அது வறுபடாது, அவிந்துபோகும். முதலில் வெறும் தாச்சியில் வறுத்து, ஆறவிட்டு, பிறகு போடுங்கள். தேங்காய்ப்பூவுக்கும் இதுவே.

பிளம்ஸ் வேறு விதமாக ஏமாற்றும். உலர்ந்த பழம் சுற்றியுள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுக்கும். இரண்டு நாளில் பழம் கொழுக்க, அதைச் சுற்றிய பிரவுனி காய்ந்திருக்கும். சுடச்சுடத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, வடித்து, துடைத்துப் போட்டால் அந்த இழுவை குறையும். ரின்பாலை உள்ளே கலக்காமல் மேலே கோடுகளாக ஊற்றுங்கள். மேற்பரப்பு காய்ந்து 100 பாகையைத் தாண்டும் இடத்தில்தான் பால் புரதமும் சீனியும் சேர்ந்து சிவக்கும். உள்ளே போனால் அது வெறும் இனிப்பு, அது இங்கே ஏற்கனவே தாராளமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்தது எருமைத் தயிர். மேல்நாட்டார் கிரீம் சீஸ் சுழிக்கும் இடத்தில், சட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுவதும் பிரிட்ஜில் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தால் கெட்டியான, கொழுப்புள்ள பசை கிடைக்கும். அதன் புரதம் புளிப்பால் ஏற்கனவே திரண்டுவிட்டது. அதனால் சூட்டில் உருகி ஓடாது. ஒரு மஞ்சள் கருவும் இரண்டு கரண்டி சீனியும் சேர்த்துச் சுழித்தால் தண்ணீர் கக்காமல் இறுகும். அந்தப் புளிப்பு கொக்கோவின் கசப்புக்கு நன்றாக ஈடுகொடுக்கும். உப்பும் சொல்லத்தக்கது: சோடியம் கசப்பை நாவில் அடக்குகிறது, அதனால் இனிப்பு தூக்கலாகத் தெரிகிறது. எல்லாம் சேர்த்து 150 கிராமுக்கு மேல் வேண்டாம், இரண்டு வகைக்கு மேலும் வேண்டாம். வெறும் 75 கிராம் மா எத்தனை சாமானைத்தான் தாங்கும்?

கடைசிச் சாமான் சொக்லேட் துண்டு, நம் ஊர் வெப்பநிலை உண்மையில் விளையாடுவது இதில்தான். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான பளிங்கு வடிவங்களில் உறையக்கூடியது. கடைச் சொக்லேட்டைத் தொழிற்சாலையில் கவனமாகச் சூடாக்கி ஆறவைத்து ஐந்தாம் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அது 34 பாகையை ஒட்டி உருகும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரின் சூடு இருந்தாலே அதை இளக்கப் போதும். ஓவனுக்குள் போன துண்டு அந்த ஒழுங்கை முற்றாக இழக்கிறது. மறுபடி ஆறும்போது, கவனிப்பார் இல்லாததால், அது நான்காம் வடிவத்திலோ அதற்கும் கீழோ உறையப் பார்க்கும். நான்காம் வடிவம் 28 பாகைக்குள்ளேயே உருகிவிடும். பக்கத்தில் உள்ள பட்டர்க் கொழுப்பும் கலந்தால் இன்னும் கீழே போகும்.

மலைக்குளிர் உள்ள நுவரெலியாவில் ஒரு வீட்டு மேசையில் இதே பிரவுனி ஆறினால் சொக்லேட் துண்டுகள் கல்லாக இறுகும், பிரவுனி முழுவதுமே கெட்டிப்படும். நம் ஊரில் இரவிலும் 28 பாகைக்குக் கீழே போகாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் துண்டுகள் உறையவே மாட்டா, மறுநாளும் பாகாக இருக்கும். குளிரான இடங்களில் எழுதப்பட்ட குறிப்பில் "அறை வெப்பநிலையில் ஆறவிட்டு வெட்டவும்" என்று இருப்பதை இங்கே நம்பினால் கத்தியோடு பாதி பிரவுனி வந்துவிடும். கேக் அலங்காரத்துக்கென விற்கும் கொம்பவுண்ட் சொக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் அது இந்தச் சூட்டிலும் இறுகி நிற்கும், ஆனால் வாயில் மெழுகாக ஒட்டும். வெட்டுவதற்குச் சுகம் என்பதற்காக அதை வாங்க எனக்கு மனமில்லை.

நல்ல சொக்லேட்டையே போடுங்கள். 25 நிமிடம் கடந்ததும் ஈர்க்கை ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் குத்திப் பாருங்கள். ஈரத் துணுக்குகள் ஒட்டி வந்தால் சரி. பச்சைக் கலவையாக வழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். உருகிய துண்டில் குத்திவிட்டால் வேகவில்லை என்று தோன்றும், வேறு இடத்தில் குத்துங்கள். கண்ணாடித் தட்டு ஓவனுக்கு வெளியே வந்த பிறகும் சூட்டைப் பிடித்துக்கொண்டு வேகவைத்துக்கொண்டே இருக்கும், அலுமினியத் தட்டே நல்லது. கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மூடி, இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். கொழுப்பு முழுவதும் உறைந்த பிறகு, கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்து, ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்து வெட்டினால் ஓரம் நேராக வரும். வெளியே எடுத்து வைத்த இருபது நிமிடத்தில் திருகோணமலை வெயில் அதைத் திரும்ப இளக்கிவிடும்.