தார்ப்பாய்க்குள் 180 கோழிகள்

நான்கு நாள்களாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதக் காலையில், பர்மாவில் இரங்கூனுக்கு அருகே, தொங்வா போகும் வழியிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "கோழியெல்லாம் கொர்கொர்னு இழுக்குது சயா, பக்கத்து வீட்டுல வெள்ளைக் கழிச்சல்னு சொல்றாங்க" என்றார் அந்த அக்கா. சயா என்றால் பர்மிய மொழியில் ஐயா; வெள்ளைக் கழிச்சல் என்பது கோழிகளைக் கொல்லும் ராணிக்கெட் நோய். நெல் வயலை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பம் அது. முட்டைக்காக வீட்டுக்குப் பின்னால் 200 கோழிகள் வளர்த்தார்கள். கடையில் கொடுத்த மஞ்சள் நிற மருந்துத் தூளைப் பத்து நாள்களாகத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தும் 20 கோழிகள் செத்துவிட்டன. மீதி 180.

கொட்டகை 15 அடி நீளம், 12 அடி அகலம். பக்கவாட்டு உயரம் 5 அடிதான். சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஜூன் தொடக்கத்தில் அந்த வீட்டு அண்ணன் மூன்று பக்கமும் நீலத் தார்ப்பாயைக் கூரையிலிருந்து தரைவரை இழுத்து ஆணியடித்திருந்தார். நின்றபடி பார்த்தபோது வழக்கமான கோழி வாடைதான் இருந்தது. லோங்யியை மடித்துக் கட்டிக்கொண்டு கோழியின் தலைமட்டத்துக்குக் குந்தியதும், முகக் கவசத்தையும் மீறி நெடி ஏறிக் கண்ணில் நீர் வந்தது. தரையிலிருந்த உமியை ஒரு பிடி அள்ளி அழுத்தினேன். கையை விரித்த பிறகும் அது களிமண் உருண்டையைப் போல விரல் தடத்தோடு அப்படியே நின்றது.

அன்று செத்த கோழி ஒன்றைக் கையுறையோடு அறுத்துப் பார்த்ததில் மூச்சுக்குழல் சிவந்து சளி கட்டியிருந்தது, காற்றுப்பைகள் கலங்கியிருந்தன. வெள்ளைக் கழிச்சலில் பெரும்பாலும் இரைப்பையின் உட்சுவரில் தெரியும் இரத்தப் புள்ளிகள் இல்லை; எந்தக் கோழிக்கும் கழுத்துத் திருகலும் இல்லை. அந்த நோய்க்கு எதிரான, வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்தை நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் சொட்டுவிட்டு வந்ததாகவும் அக்கா சொன்னார். ஆனாலும் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி முடிவு சொல்வது முறையன்று என்பதால் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வெள்ளைக் கழிச்சலும் இல்லை, பறவைக் காய்ச்சலும் இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கோழிகளை நோயில் தள்ளியது அவை இருந்த கொட்டகைதான்.

இதை விளக்க ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கிறது, வெயில் காலத்தில் அதைவிடக் கூடுதலாகவே. 180 கோழிகள் என்றால் 45 லிட்டர். முட்டையாக வெளியேறும் சிறு பங்கு போக, மிச்சமெல்லாம் எச்சத்திலும் மூச்சிலும் அந்தக் கொட்டகைக்குள்ளேயேதான் வந்து சேர்கிறது. 100 கோழிகள் ஒரு நாளில் போடும் ஈர எச்சம் நம் ஊர் வீசைக் கணக்கில் 7 வீசைக்கும் மேல், அதாவது 11 கிலோவுக்கும் மேல். அதில் முக்கால் பங்கு தண்ணீர். எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தவுடன், நுண்ணுயிரிகள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு என்ற அளவை அது எட்டும்போதே கோழியின் மூச்சுக்குழலில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு சாதாரணக் கிருமிகூட உள்ளே இறங்கிச் சளி நோயாக மாறும். கடையில் வாங்கிய மருந்துத் தூள் அந்தக் கிருமியை ஒருவேளை அடக்கலாமே தவிர, நுண்மயிரைத் திருப்பித் தராது. நம் மூக்கும் சில நிமிடங்களில் அந்த நெடிக்குப் பழகிப்போகும். ஆகவே காலையில் கதவைத் திறந்தவுடன் குந்தி உட்கார்ந்து இழுக்கும் முதல் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

இந்தத் தவற்றை இரங்கூனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெகு வட்டாரத்திலும் மழைக்காலந்தோறும் காண்கிறேன். பத்துக் கோழிகளைக் கவிழ்த்து மூடிய நம் பாட்டிமார்களின் பஞ்சாரத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பெரிதாக்கினால் கொட்டகை ஆகிவிடும் என்று நினைக்கிறோம். பஞ்சாரம் முழுக்க இடுக்குகள். அதில் கோழி இருப்பதும் இரவு மட்டும்தான். கோழிக்குக் குளிருமே என்ற இரக்கமும் அடைப்பதற்கு ஒரு காரணம். 41 டிகிரி உடல் வெப்பமும் இறகுப் போர்வையும் உள்ள பறவைக்கு இரங்கூனின் மழைக்கால இரவு குளிரே அன்று. முதல் மூன்று நான்கு வாரக் குஞ்சுகளுக்குத்தான் கதகதப்பு தேவை. வளர்ந்த கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. ஏப்ரலில் வெயில் 38 டிகிரியைத் தொடும்போது வாயைத் திறந்து இளைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழியும் அடைபடும்.

எனவே புதிதாகக் கட்டுகிறவர்கள் சுவரைப் பற்றி யோசிக்கும் முன் கூரையைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும் ஊரில் சாரலைத் தடுக்க வேண்டியது கூரையின் இறவாரமே, அதாவது சுவரைத் தாண்டி நீளும் அதன் விளிம்பே. கொட்டகையின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடினால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே நுழையா. ஆனால் நம் மழை தென்மேற்கிலிருந்து அடிப்பது. அதனால் தெற்கு இறவாரத்தை 4 அடிக்குக் குறையாமல் நீட்டியும், மற்ற பக்கங்களில் 3 அடி விட்டும் கட்டச் சொல்கிறேன். பக்கவாட்டு உயரம் 7 அடியாவது வேண்டும், முகடு 10 அடிக்குக் குறையக் கூடாது. முகட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டு அதன் மேல் தனியாக ஒரு சிறு கூரை வைத்தால் சூடான ஈரக் காற்று தானே மேலேறிப் போய்விடும். இங்கே 'தனி' என்று சொல்லும் நிப்பா பனையின் ஓலை தகரத்தைவிடக் குளிர்ச்சியானது. சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும், எலி குடியேறும் என்பவை அதன் குறைகள். தகரம் போடுகிறவர்கள் அடியில் மூங்கில் பாயைக் கட்டிக்கொள்ளட்டும். இரண்டில் எதுவானாலும் கூரைச் சட்டங்களைத் தூணோடு கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். 2008 மே மாதத்து நர்கிஸ் புயலைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சுவர் ஒன்றரை அடி உயரம் போதும், அதற்கு மேல் கம்பி வலை. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே ஒழிய, மரநாயையும் எலியையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் கொண்ட, பற்றவைத்த கம்பி வலை விலை கூடுதல்தான். கையில் காசு குறைவாக இருந்தால் தரையிலிருந்து 3 அடி வரைக்காவது அதைப் போட்டு, அடியில் ஓர் அடியை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஓர் அடியாவது உயர்த்திக் கட்டாவிட்டால் மற்ற எல்லாம் வீண். கீழிருந்து ஊறும் தண்ணீரை எந்த உமியும் தாங்காது.

இடக்கணக்கில் யாருக்கும் சலுகை காட்ட நான் விரும்புவதில்லை. உள்ளேயே அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வேண்டும். அந்த அக்காவின் கொட்டகையில் ஒரு கோழிக்கு 1 சதுர அடிதான் கிடைத்தது. 200 இருந்தபோது அதுவும் இல்லை. உட்காரும் கழியில் கோழிக்கு 8 அங்குலம் ஒதுக்கி, விளிம்புகளை இழைத்துவிட வேண்டும். ஐந்து கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும்.

நம் நாட்டில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆகவே தரைக்கு உமியைவிட மலிவான பொருள் கிடைக்காது. ஆனால் மழையில் நனைந்து கிடந்த உமியும், தவிடு கலந்த உமியும் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் குஞ்சின் நுரையீரலுக்குள் போனால் மருந்தில்லை. 3 அங்குலத்தில் தொடங்கி, நாளும் கிளறிவிட்டு, மேலே புது உமி சேர்த்து 6 அங்குலம் வரை உயர்த்தலாம். பிடித்துப் பார்த்தால் சற்றே ஒட்டி, கையை விரித்ததும் உதிர வேண்டும். அதுதான் சரியான பதம். ஈரமான உமியில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் நுண்முட்டைகள் ஓரிரு நாளில் நோய் தரும் நிலைக்கு வந்துவிடுகின்றன. உமி நனைவதற்கு மழையைக் குற்றம் சொல்கிறோம்; நான் பார்த்தவரை பாதிக்குமேல் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் நனைகிறது. தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி, கீழே மூங்கில் சட்டம் போட்ட மேடை வைத்தால் சிந்துவது உமியில் விழாது. சுண்ணாம்பு தூவினால் நெடி போகும் என்று பலர் நம்புகிறார்கள். கோழி உள்ளே இருக்கும்போது ஈர உமியில் சுண்ணாம்பைக் கலந்தால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். அதைக் கொட்டகை காலியான பின் பயன்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கே சேர்க்க வேண்டும். நெடியால் வரும் நோய் மெல்ல மெல்லத் தின்னும். ஒரே இரவில் பத்து இருபது விழாது. 2006 மார்ச்சில் மண்டலை, சகாய்ங் பகுதிகளில் பறவைக் காய்ச்சல் வந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. திடீரெனக் கூட்டமாகச் செத்தால் மிஞ்சியதை அவசரமாக விற்காமல், அறுக்காமல், கையால் தொடாமல், உடனே அரசுக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். வயலில் மேய்ந்து வரும் வாத்துகளைக் கோழிக்கொட்டகைக்குள் அடைக்கவே கூடாது. உள்ளே போக ஒரு செருப்பு, வெளியே ஒரு செருப்பு என்று வைத்துக்கொள்வதற்குப் பெரிய செலவில்லை.

அந்த வீட்டில் அன்று செய்தவை மூன்றுதான். ஈர உமி முழுவதையும் வாரி வெளியே கொட்டினோம். 80 கோழிகளை வண்டிக் கொட்டிலுக்கு மாற்றினோம். தார்ப்பாயின் ஆணிகளைப் பிடுங்கினோம். அண்ணனுக்குத் தார்ப்பாயை விட மனமில்லை. புதிது, காசு கொடுத்து வாங்கியது. தூக்கி எறியச் சொல்லவில்லை, தலைகீழாக மாட்டுங்கள் என்றேன். மேலே ஆணியடித்துக் கீழே தொங்கவிட்டால் முதலில் அடைபடுவது காற்று வெளியேறும் மேல் வழி. அடிவிளிம்பைக் குட்டைச் சுவரில் பொருத்தி, மேல்விளிம்பை மூங்கிலில் சுற்றிக் கயிற்றால் மேலே இழுக்கும்படி வைத்தால், சாரலுக்கு ஏற்பத் தரையிலிருந்து 2 அடியோ 3 அடியோ உயரத்துக்குத் தூக்கலாம். எவ்வளவு தூக்கினாலும் கூரைக்கடியில் 2 அடி திறந்தே இருக்கும்படி கயிற்றில் ஒரு முடிச்சு.

ஆகஸ்டு கடைசியில் மறுபடி போனபோது இழுப்புச் சத்தம் நின்றிருந்தது. அதற்குள் இன்னும் ஆறு கோழிகள் போயிருந்தன, முட்டை பழைய கணக்குக்கு முழுதாகத் திரும்பவில்லை. "அந்த முடிச்சுக்கு மேல இழுக்கணும்னு அவருக்கு இன்னும் கை துறுதுறுங்குது சயா" என்று அக்கா சொல்ல, அண்ணன் பதில் பேசாமல் கயிற்றை ஒரு முழம் தளர்த்திவிட்டார்.