நண்டு தின்றவர்களும் சிப்பி தின்றவர்களும்

கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் பழங்குடிகள் எழுத்து எதையும் விட்டுப்போகவில்லை, மர வீடுகளும் மக்கிவிட்டன. அதனால் அங்கே தொல்லியல் என்பது பெரும்பாலும் குப்பைமேட்டைக் கிளறுவதுதான். 1930களில் ஃப்ரோலிக் ரெய்னி என்ற அமெரிக்கர் அப்படிக் கிளறினார். அடி அடுக்கில் நில நண்டின் கொடுக்குகளும் ஓடுகளும், கூடவே சிவப்பின் மேல் வெள்ளை தீட்டிய நேர்த்தியான மண்பாண்டங்களும். மேலே வரவர நண்டு குறைந்து கடல் சிப்பி குவிகிறது, பாண்டங்களும் எளிமையாகின்றன. சரி, முதலில் நண்டு தின்ற ஒரு கூட்டம், அப்புறம் சிப்பி தின்ற வேறொரு கூட்டம் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார்.

பின்னால் இர்விங் ரவுஸ் என்ற தொல்லியலாளர் பானை ஓடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு பாணி கொஞ்சம் கொஞ்சமாக இன்னொன்றாக மாறுவது தெரிகிறது! ஆட்கள் அவர்களேதான், சாப்பாடுதான் மாறியிருக்கிறது. நண்டைப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். அது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

காலம் கணிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், சிப்பியை அப்படியே கார்பன் முறையில் (மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை வைத்து வயது கணிப்பது) அளந்தால் சில நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும். அதைத் திருத்தாமல் அடுப்புக்கரியோடு ஒப்பிடக் கூடாது.

இன்னொரு கோளாறு, குப்பைமேட்டில் சிப்பியும் எலும்பும் தங்கும், கிழங்கு தங்காது. அதற்கு வழி கல்லில் இருக்கிறது. அரைக்கும் கல்லின் நுண்துளைகளில் மாவுச்சத்துத் துகள்கள் புகுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட அப்படியே இருந்துவிடும். அந்த இடுக்குகளில் ஒட்டியிருக்கும் படிவை எடுத்து, மண்ணிலிருந்து துகள்களைப் பிரித்து, தளமுனைவு ஒளி (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு துகளிலும் ஒரு கருப்புச் சிலுவை தெரியும். துகளின் வடிவம், அளவு, சிலுவையின் மையம் ஆகியவற்றைத் தெரிந்த செடிகளின் துகள்களோடு ஒப்பிட்டு எந்தச் செடி என்று சொல்வார்கள். நீரில் நன்றாக வெந்த துகள் உப்பி, சிலுவையும் மறைந்துவிடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். தோண்டி எடுத்த கல்லைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவும் ஆர்வக்கோளாறுதான் இதற்கு முதல் எதிரி.

இந்த முறையில் ஹைமே பகான் ஹிமெனெஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் போர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகரின் மருக்கா, வியெக்கெஸ் தீவின் புவெர்த்தோ ஃபெர்ரோ ஆகிய இடங்களின் கற்களைச் சோதித்தார்கள். இரண்டும் தென் அமெரிக்காவின் ஓரினோக்கோ ஆற்றுப் பக்கமிருந்து மண்பாண்டக்காரர்கள் வருவதற்கு முந்தையவை. அங்கே இருந்தவர்களை வெறும் மீன்பிடி, வேட்டைக் கூட்டம் என்றுதான் எழுதிவந்தார்கள். கல்லிலோ மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இருந்தன. பாண்டக்காரர்கள்தான் விவசாயத்தைக் கொண்டுவந்தார்கள் என்ற கதை அதற்கப்புறம் ஆட்டம் கண்டுவிட்டது.