ஆப்கன் மாணவிகளின் படத்தை வெளியிடுவதற்கு முன்

கடந்த மாதம் என் வகுப்பிலிருந்து இன்னொரு மாணவி நின்றுவிட்டாள். அவளாக நிற்கவில்லை.

நான் 26 ஆண்டுகள் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். 2022ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து, ஆப்கானிஸ்தானில் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட பெண்களுக்கு ஒரு தன்னார்வக் குழுவின் வழியாக வாரத்தில் மூன்று மாலைகள் இணையத்தில் பாடம் நடத்திவருகிறேன். அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கல்லூரியில் அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும், விழாவை நடத்தியவர்கள், எங்கள் மாணவிகளுக்கு ஊக்கமாக இருக்கும், ஒரே ஒரு நாள் அந்த வகுப்பைப் பார்க்கிறோம் என்று கேட்டார்கள். நான் சம்மதித்திருக்கக் கூடாது. அன்று இருபடிச் சமன்பாடு நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவி, தான் போட்ட கணக்கைக் காட்டுவதற்காக, வழக்கமாக மூடியே வைத்திருக்கும் கேமராவை ஒரு நிமிடம் திறந்து நோட்டைத் தூக்கிப் பிடித்தாள். அந்த நிமிடத்தை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'தடையை மீறிப் படிக்கும் காபூல் தங்கைகள்' என்று தலைப்பிட்டு முகநூலில் போட்டுவிட்டார்கள். நோட்டுக்கு மேலே அவளுடைய முகத்தில் பாதி தெரிந்தது. பின்னால் ஜன்னல் திரை தெரிந்தது. ஓரத்தில் 11 மாணவிகளின் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன.

படத்தை எடுக்கவைப்பதற்குள் ஓர் இரவு கழிந்துவிட்டது. அதற்குள் அது கைமாறிக் கைமாறி, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் கண்ணில் பட்டு, அவர் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் மாலை அவளுடைய அம்மாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது (ஆசிரியரை அவர்கள் உஸ்தாத் என்று அழைப்பார்கள்): "உஸ்தாத், அண்ணன் என் போனை வாங்கிவிட்டார். நீங்கள் கொடுத்த கணக்குகளை முடித்துவிட்டேன், அனுப்பத்தான் முடியவில்லை." அந்த அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒரு பெண் விதியை மீறினாள் என்று வந்துவிட்டால், விசாரணைக்கு அழைக்கப்படுபவர் அவளுடைய அப்பாவோ அண்ணனோதான்.

இப்படி நடப்பது இது நான்காவது முறை. நான்கு முறையும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றே: நல்ல எண்ணத்தில்தான் போட்டோம், அவர்களுடைய குரலை உலகம் கேட்கட்டும் என்றுதான் போட்டோம். அந்த நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நடந்திருப்பவை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தவை. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் வசம் போனது; அடுத்த மாதம் மேல்நிலைப் பள்ளிகள் ஆண்களுக்கு மட்டும் திறந்தன. 2022 மார்ச் 23 அன்று பெண்களுக்கும் திறக்கும் என்று அறிவித்து, சீருடையோடு வந்த மாணவிகளை அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும், 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி நிலையங்களின் கதவும் மூடப்பட்டன. இன்று பள்ளி மறுக்கப்பட்டிருக்கும் பெண்கள் 22 லட்சம் பேர் என்று யுனிசெஃப் 2025இல் கணக்கிட்டது.

என்னை ஒவ்வொரு முறையும் வாயடைக்க வைப்பது, கூட்டம் முடிந்தபின் வரும் ஒரு கேள்விதான். "அங்கெல்லாம் காலங்காலமாகவே பெண்களைப் படிக்க விடமாட்டார்கள்தானே, மேடம்?" படித்தவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். மேடையில் ஒரு நிமிடத்தில் இதற்குப் பதில் சொல்லி முடிவதில்லை. இங்கே முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் நூற்றாண்டில் பல்க் நகரத்தின் ராபியா பாரசீகத்தில் கவிதை எழுதினார். காபூலில் இன்றும் அவர் பெயரில் மருத்துவமனை இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹெராத்தில் மதரஸாவையும் மசூதியையும் கட்டுவித்த கவ்ஹர்ஷாத் ஒரு பெண். காபூலில் அரசி சுரய்யாவின் ஆதரவோடு பெண்களுக்கான பள்ளி 1921இல் தொடங்கப்பட்டது. 1964இன் அரசியல் சாசனம் பெண்களுக்கு வாக்குரிமையை உறுதி செய்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் நான்கு பெண்கள் நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வானார்கள். அப்போது சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடையாது. அது கிடைத்தது 1971இல்.

கிராமங்களில் பள்ளிக்கூடம் எட்டாதவர்கள் எந்தக் காலத்திலும் ஏராளமாக இருந்தார்கள் என்பது உண்மை. ஓயாத போர் அதை இன்னும் மோசமாக்கியது. ஆனாலும், வாய்ப்புக் கிடைத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் தாலிபான் ஆட்சி முடிந்த 2001இல் தொடக்கப் பள்ளிகளில் பெண் குழந்தைகள் ஏறத்தாழ இல்லை. 2018இல் 25 லட்சம் பேர் இருந்தார்கள். உயர்கல்வியில் சுமார் 5,000ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 20 ஆண்டுகளில் ஒரு லட்சத்தை எட்டியது. படிக்க விரும்பாத சமூகமா இது? 2022 செப்டம்பர் 30 அன்று காபூலின் தஷ்த்-இ-பர்ச்சி பகுதியில் ஒரு பயிற்சி நிலையத்தில் குண்டு வெடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த, ஹசாரா என்ற சிறுபான்மை இனத்துப் பெண்கள். முந்தைய ஆண்டுதான் அதே பகுதியில் ஒரு பள்ளி வாசலில் குண்டுவெடித்துப் பல மாணவிகள் இறந்திருந்தார்கள். அது தெரிந்தும் பெற்றோர் தங்கள் பெண்களை அந்தப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

மதம்தான் காரணம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத் தடை அறிவிக்கப்பட்ட அதே டிசம்பரில், அது ஷரியத்துக்கு முரணானது என்று எகிப்தின் புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்வி நிலையமான அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அறிக்கை விட்டார். 57 நாடுகள் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் தடையைக் கண்டித்தது. இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் வேறெந்த நாடும் பெண்களுக்கு மேல்நிலைக் கல்வியைத் தடைசெய்யவில்லை. ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்தில் தங்களோடு படித்த பெண்களை விலக்கியதற்காக ஆண் மாணவர்கள் தேர்வை விட்டு வெளியேறினார்கள். கிராமம் கிராமமாகப் புத்தகங்களைக் கொண்டுசென்று பெண் கல்விக்காகப் பேசிய மதியுல்லா வேசா 2023 மார்ச்சில் கைது செய்யப்பட்டு ஏழு மாதங்கள் சிறையில் இருந்தார். என் வகுப்பிலேயே ஒரு மாணவியின் அப்பா, பாடம் நடக்கும் ஒரு மணி நேரமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். யாராவது வந்தால் உரக்க சலாம் சொல்வார், அவள் உடனே போனை மாவு டப்பாவுக்குள் வைத்துவிடுவாள்.

இவ்வளவையும் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு முன்கதையே இல்லை, நாம் போய்த்தான் குரல் கொடுக்க வேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு, அவர்களுடைய முகம் ஒரு விழிப்புணர்வுச் சுவரொட்டியாகத் தெரிந்துவிடுகிறது. சுவரொட்டியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

அவர்களுடைய குரல் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. முதல் தாலிபான் ஆட்சிக் காலத்தில் ஹெராத்தில் பெண்கள் தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லி, பையில் துணிக்கும் கத்தரிக்கோலுக்கும் அடியில் நோட்டை மறைத்துக்கொண்டுபோய் இலக்கியம் படித்தார்கள். ஆப்கன் கல்வியாளர் சகீனா யாகூபியின் அமைப்பு அதே ஆண்டுகளில் ரகசியமாக 80 வீட்டுப் பள்ளிகளை நடத்தியது. 2021க்குப் பிறகு 'நான், கார், ஆசாதி' என்று, அதாவது ரொட்டி, வேலை, விடுதலை என்று முழங்கிக்கொண்டு தெருவில் இறங்கியவர்கள் அவர்களேதான். கூட்டத்தில் உரக்கப் பாடும், ஓதும் பெண்ணின் குரலும் மறைக்கப்பட வேண்டியதே என்று 2024 ஆகஸ்டில் சட்டம் வந்தபோது, பல பெண்கள் தாங்கள் பாடும் காணொளிகளை வெளியிட்டார்கள். சிலர் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு பாடினார்கள். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். ருக்‌ஷானா மீடியா, ஸன் டைம்ஸ் போன்ற ஆப்கன் பெண்களின் செய்தி நிறுவனங்களுக்கு உள்ளிருந்து எழுதும் செய்தியாளர்களில் பலர் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். ரேடியோ பேகம் என்ற பெண்கள் வானொலி பாடங்களை ஒலிபரப்பியது. 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்து, சில வாரங்களில் மறுபடி அனுமதித்தார்கள். இவற்றைத் தேடிப் படியுங்கள், மேற்கோள் காட்டுங்கள், முடிந்தால் நன்கொடை கொடுங்கள், தமிழில் மொழிபெயர்க்க அனுமதி கேளுங்கள். நீங்கள் எடுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைவிட இது பல மடங்கு பயன்படும்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஆப்கன் ராணுவத்தின் பெண் அதிகாரிகள் 2017 முதல் இங்குள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். தாலிபான் வந்தபின் நேரில் வர முடியாத ஓர் ஆப்கன் பெண், வீட்டிலேயே மறைவாக இருந்து சென்னை ஐஐடியின் வேதிப் பொறியியல் முதுகலைப் படிப்பை 2023இல் முடித்தார். கடன் வாங்கிய பீக்கர்களையும் அக்கா வீட்டு மைக்ரோவேவ் அடுப்பையும் ஆய்வகமாக்கிக்கொண்டதாக அவரே பேட்டியில் சொன்னார். பேச வேண்டிய நேரத்தை அவரே தேர்ந்தெடுத்துப் பேசினார் என்பதைக் கவனியுங்கள்.

இனி, இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு. வகுப்பை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்றும் நினைக்காதீர்கள், திரைச்சீலையும் சுவர்க் கடிகாரமும் போதும், தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள், குரலும் முகம்தான். பெயரை மாற்றிவிட்டு, மாகாணம், வயது, அப்பாவின் தொழில், எத்தனை அக்கா தங்கை என்று எல்லாவற்றையும் எழுதுகிறீர்களே, அது எப்படிப் பெயரை மறைத்ததாகும்? மாணவி ஒருமுறை சம்மதம் சொன்னால் அது அந்த ஒருமுறைக்கு மட்டும். அடுத்த முறை மறுபடி கேளுங்கள். ஆசிரியரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்குத் தயக்கம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் அனுபவத்தில், "யோசித்துச் சொல்கிறேன், உஸ்தாத்" என்றால் முடியாது என்றே பொருள்.

விசா வாங்கித் தருகிறேன், உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று உறுதியில்லாத எதையும் சொல்லாதீர்கள்; அந்த ஒரு வார்த்தையை நம்பி இருக்கிற நகையை விற்றுப் பாஸ்போர்ட் எடுத்துவிடுவார்கள். கேமராவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வருகைப் பதிவேட்டைப் பொதுவில் பகிரும் கோப்பில் வைக்காதீர்கள். பாடங்களைச் சிறிய கோப்புகளாக முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். 2025 செப்டம்பர் கடைசியில் நாடு முழுவதும் இணையத்தை இரண்டு நாள் துண்டித்தபோது, எங்கள் திரையில் ஆசிரியர்கள் மட்டுமே இருந்தோம், ஆனால் அந்த வாரத்துப் பாடம் மாணவிகளின் போனில் ஏற்கெனவே இறங்கியிருந்தது. இணைப்பு திரும்பியதும் விடைகள் வந்தன.

தயவுசெய்து இன்னொன்று. ஒரு நாள் விழா எடுப்பதைவிட, வாரத்தில் ஒரு மணி நேரம் ஓராண்டுக்குத் தவறாமல் வரமுடியும் என்றால் வாருங்கள். காபூலின் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம்தான் பின்னால் இருக்கிறது. நம் மாலையும் அவர்களுடைய மாலையும் ஏறத்தாழ ஒன்றே.

2017இல் ஹெராத்தைச் சேர்ந்த லாலே ஒஸ்மானி, 'என் பெயர் எங்கே' என்ற இயக்கத்தைத் தோழிகளோடு தொடங்கினார். திருமண அழைப்பிதழிலும் கல்லறைக் கல்லிலும்கூடப் பெண்ணின் பெயரைப் போடாமல் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று எழுதும் வழக்கத்தை எதிர்த்து எழுந்த இயக்கம் அது. அதன் பலனாக, தஸ்கிரா எனப்படும் அடையாள அட்டையில் அம்மாவின் பெயரையும் சேர்க்க 2020 செப்டம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பெயர்களைத்தான் இன்று நான் மறைத்து வைக்கச் சொல்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. ஆனால், பெயரை எங்கே, யாரிடம் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமையைத்தான் அவர்கள் அப்போதும் கேட்டார்கள்.

சென்ற ஆண்டுப் பாடத்திட்டம் முடிந்தபோது ஒரு மாணவி சான்றிதழில் தன் முழுப்பெயரையும், அதன் கீழே அம்மாவின் பெயரையும் எழுதித் தரச் சொன்னாள். எழுதி, அவளுக்கு மட்டும் அனுப்பினேன். அதை அம்மாவிடம் காட்டிவிட்டு, போனிலிருந்து அழித்துவிட்டதாகவும், பிரதி என்னிடமே இருக்கட்டும் என்றும் பதில் எழுதினாள். நின்றுபோன அந்த மாணவியின் சான்றிதழையும் தயாராக வைத்திருக்கிறேன். கடைசிக் கணக்குகளை அவள் முடித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும்.