எழுமாறு: கைக்கு வந்ததா, சீட்டில் விழுந்ததா?

உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியல் படிக்கும் ஒரு பிள்ளை போன தவணை தன் செயற்றிட்டத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தோட்டத்துப் பெண்கள் ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறிக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. “எழுமாறாக 40 பேர் தெரிவு செய்யப்பட்டனர்” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். எப்படித் தெரிந்தெடுத்தாய் என்று கேட்டேன்.

“அந்திக்குக் கொழுந்து நிறுக்கிற எடத்துல நின்னேன் சேர். வந்த ஆளுங்ககிட்ட ரேண்டமா கேட்டேன்.”

நிறுவைக்களத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த 40 பேர் யார் என்பது புரியும். நிறுத்து முடிந்ததும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுகிற கைக்குழந்தைக்காரிகள் நின்று பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். தூரத்து மலையில் நிரை பிடித்தவர்கள் வந்து சேரும்போது இவள் வீட்டுக்குப் போயிருப்பாள். நின்று பேசியவர்கள் அவசரமில்லாதவர்களும் அவளைத் தெரிந்தவர்களும்தான். பிள்ளை பொய் எழுதவில்லை. ‘எழுமாறு’ என்றால் இதுதான் என்று உண்மையாகவே நம்பியிருக்கிறாள். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க நினைத்தேன்.

இலங்கைப் பாடநூல்களில் ரேண்டம் என்பதற்கு நாம் பழகிய சொல் எழுமாறு. எழுமாற்று மாதிரி, எழுமாற்று மாறி, எழுமாற்றுப் பரிசோதனை என்று வரிசையாகப் படித்திருப்போம். ‘எழும்’ என்பதோடு ‘ஆறு’ சேர்ந்தது என்றுதான் நான் இதைப் பிரிக்கிறேன். ஆறு என்றால் வழி, விதம். ‘பின்வருமாறு’ என்று எழுதும்போது வருகிற அதே ஆறு. அப்படிப் பார்த்தால் எழுமாறு என்பது ‘எழுகிற விதத்தில்’. எழுமாறு எழுமாற்று ஆவதும் இதற்குப் பொருந்துகிறது. ஆறு ஆற்று ஆவதை ஆற்றுப்படையில் பார்க்கிறோமே, அதே மாற்றம்தான்.

சொல் அழகாகத்தான் இருக்கிறது. சிக்கலும் அதிலேயே இருக்கிறது. ‘எழுகிற விதத்தில்’ என்பதை ‘எது முன்னால் வந்ததோ அது’ என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நம் பிள்ளை எடுத்துக்கொண்டது அப்படித்தான். ஆங்கிலச் சொல்லும் இந்த விஷயத்தில் கை கொடுக்காது. அது பழைய பிரெஞ்சில் தலைதெறிக்க ஓடுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இலக்கில்லாமல் பாய்வது என்ற அந்தப் பழைய வாசனை ‘ரேண்டமா கேட்டேன்’ என்பதில் இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதையே சமவாய்ப்பு என்கின்றன. எல்லாருக்கும் ஒரே அளவு வாய்ப்பு. கேட்டவுடனே நிபந்தனை தெரிந்துவிடுகிறது, அது பெரிய வசதி. ஆனால் எழுமாற்றுத் தெரிவில் எல்லாருக்கும் வாய்ப்பு சமமாக இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வாய்ப்பு இருக்கவேண்டும், அது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும், தெரிவு செய்பவரின் விருப்பம் உள்ளே நுழையக்கூடாது. அவ்வளவுதான். அந்த அகலம் எழுமாறு என்பதில் இருக்கிறது. ஆகவே நான் எழுமாறு பக்கம்தான். எதிலிருந்து எழுகிறது என்பதை மட்டும் விளங்கப்படுத்திவிட வேண்டும்.

அதற்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே உதாரணம் இருக்கிறது. எங்கள் அம்மா சீட்டுப் பிடித்தார். 12 பேர், மாதம் ஒரு குலுக்கல். ஒரே அளவாக வெட்டிய கடதாசித் துண்டுகளில் பெயரை எழுதி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்து, பழைய பால்மா டின்னில் போட்டுக் குலுக்குவார். எடுப்பது எழுத்துத் தெரியாத ஒரு சின்னப் பிள்ளை. ஒரு மாதம் ஒரு துண்டு மட்டும் தடித்த மட்டையில் இருந்தது என்று பக்கத்துக் காம்பரா அக்கா கண்டுபிடித்து, எல்லாவற்றையும் திரும்ப எழுத வைத்தார். எழுமாற்றுத் தெரிவுக்கு வேண்டியது எல்லாம் அந்த டின்னில் இருந்தது: ஒருவர் விடாத பெயர்ப்பட்டியல், வித்தியாசம் தெரியாத துண்டுகள், நன்றாகக் குலுக்குதல், விருப்பு வெறுப்பில்லாத கை. புத்தகம் ‘எழும்’ என்கிறது, லயத்தில் ‘சீட்டு யாருக்கு விழுந்தது?’ என்று கேட்பார்கள். எழுந்தாலும் விழுந்தாலும் அது டின்னுக்குள் இருந்து வரவேண்டும். கைக்கு வந்தபடி எடுப்பதற்குப் பெயர் ‘வசதி மாதிரி’.

இந்த முறை நமக்குப் பழையது. தமிழ்நாட்டு உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, குடும்பு குடும்பாக ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கவைத்தார்கள். குடும்புக்கு ஒருவர். மாதிரி எடுக்கும் நோக்கம் அங்கே இல்லை, வாரியங்கள் என்ற ஊர்க் குழுக்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் நோக்கம்தான். ஆனாலும் ஊரைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் சீட்டு எடுப்பதை இன்றைக்குப் படையாக்கிய எழுமாற்றுத் தெரிவு என்று படிப்பிக்கிறோம்.

இங்கே படை என்றால் சேனை இல்லை, அடுக்கு. ஓசோன் படை என்கிறோமே, அந்தப் படை. இது ஏன் வேண்டும் என்பது மலையகத்துக்காரருக்குச் சட்டென்று விளங்கும். 2012 தொகைமதிப்பின்படி இலங்கை மக்களில் 4.4 சதவீதத்தினரே தோட்டத் துறையில் வாழ்ந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே டின்னில் சீட்டுப் போட்டு 1000 பேரை எடுத்தால் தோட்டத்தார் 44 பேர் அளவில்தான் வருவார்கள். அதை மாவட்டவாரியாகப் பிரித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வீட்டு வருமான செலவின ஆய்வில் நகர், கிராமம், தோட்டம் என்று துறை பிரித்துத் தெரிவு செய்வதால்தான் நம் ஆட்களின் வருமானத்தைத் தனியாகச் சொல்ல முடிகிறது. தேயிலையையும் இப்படிப் படை பிரிக்கலாம். 2000 அடிக்குக் கீழ், 4000 அடி வரை, அதற்கு மேல் என்று உயரம் பார்த்துத்தானே வியாபாரமே நடக்கிறது.

‘மாதிரி’ என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. மாதிரிக் கிராமம், மாதிரி வீடு, முன்மாதிரி ஆசிரியர் என்னும்போது மாதிரி என்பது சிறந்தது, பார்த்துப் பின்பற்றத் தக்கது. புள்ளிவிபரவியலில் மாதிரி என்பது முழுவதிலிருந்தும் எடுத்த ஒரு பகுதி, அதில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கவேண்டும். ‘தேயிலை மாதிரி கொண்டுவா’ என்று வகுப்பில் சொன்னேன். ஒருவர் விடாமல் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளிக்கொண்டு வந்தார்கள். முற்றின இலையை ஒருவரும் கொண்டுவரவில்லை. சாக்கின் மேல்வாயில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, அதை வைத்துச் சாக்கு முழுவதற்கும் எடையில் கழிவு போட்டுவிட்டார்கள் என்று அம்மா எத்தனையோ அந்தியில் புலம்பியிருக்கிறார். மழை நாளில் மேல் இலைதான் நனைந்திருக்கும். மேலேயிருந்து ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று எடுத்திருந்தால் அந்தப் புலம்பல் இருந்திருக்காது. தமிழ்நாட்டில் ‘கூறு’, ‘கூறெடுப்பு’ என்று எழுதுகிறார்கள். கூறு என்றால் பங்கு, பகுதி. இந்த இடத்தில் அவர்கள் சொல்தான் தெளிவு. மாதிரி எடுக்கப்படும் அந்த முழுவதைக் குறிக்கும் குடித்தொகை என்பதற்கும் அதே குறை. மக்கள் என்ற நினைப்பு வந்துவிடுவதால் தேயிலைச் செடிகளின் குடித்தொகை என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முழுமைத் தொகுதி என்றால் சிரிப்பதில்லை.

பரிசோதனை என்று வரும்போது எழுமாறு வேறொரு வேலை செய்கிறது. அங்கே யாரைக் கேட்பது என்பது கேள்வி இல்லை, யாருக்கு எதைக் கொடுப்பது என்பதுதான். புதுப் பசளை ஒன்றைச் சரிவான மலையில் சோதிக்கிறோம் என்று வையுங்கள். மேற்பக்கத்து மண்ணை மழை அரித்துக் கீழே சேர்த்திருக்கும். கீழ்ப் பாத்திகளுக்குப் புதுப் பசளையும் மேல் பாத்திகளுக்குப் பழையதும் போட்டால், கூடின கொழுந்து பசளையால் வந்ததா, வண்டல் மண்ணால் வந்ததா? சொல்லவே முடியாது. ஆகவே மலையைக் குறுக்கே பட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டிக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதைச் சீட்டுக்கு விடவேண்டும். இந்த முறையை வகுத்த புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். அங்கே அவரோடு சேர்ந்து ஆய்வு எழுதிய ஈடன் என்பவர் பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தேயிலை வயல் பரிசோதனைகளில் நேரும் பிழையின் அளவைப் பற்றி 1931இல் எழுதினார். அந்தத் தேயிலை நிலையம் இருக்கிற தலவாக்கலை பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பிஷர் 1935இல் சொன்ன புகழ்பெற்ற உதாரணமும் தேநீர்தான். கோப்பையில் பால் முதலில் விழுந்ததா, தேநீர் முதலில் விழுந்ததா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண். 8 கோப்பைகள், நாலு இப்படி, நாலு அப்படி. எந்த வரிசையில் நீட்டுவது என்பதை எழுமாறாகத் தீர்மானிக்கவேண்டும். எட்டில் நாலைத் தெரிந்தெடுக்க 70 வழிகள் உண்டு, ஆகவே குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புத்தான். வரிசையை நாமே யோசித்து வைத்திருந்தால் அந்த 70 என்ற கணக்குக்கே இடமில்லை.

சரி, அந்தப் பிள்ளையின் செயற்றிட்டம். திரும்பப் போய் பெயர்ப்பட்டியல் ஒன்று செய்யச் சொன்னேன். 400 காம்பராக்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பத்தாவது காம்பராவையும் எடுத்தால் 40 வந்துவிடும் என்றாள். முறைசார் தெரிவு, புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் அவர்கள் தோட்டத்தில் லயத்துக்குப் பத்துக் காம்பரா. பத்தில் தொடங்கினால் 40உம் லயத்தின் கடைசியில் இருக்கிற கோடிக் காம்பராவாகவே வரும். பக்கத்தில் இடம் இருப்பதால் கோடிக் காம்பராக்காரர்கள் சாய்ப்பு இறக்கி, மரக்கறித் தோட்டமும் போட்டிருப்பார்கள். வேறு எண்ணில் தொடங்கினாலும் லயத்தின் ஏதோ ஒரே இடம்தான் திரும்பத் திரும்ப வரும். இதை நான் சொல்லவில்லை, லயத்தைப் படமாகக் கீறிப் பார்த்து அவளே பிடித்தாள். அப்புறம் 400 துண்டுகளை வெட்டி, அரிசிச் சாக்கில் போட்டு, தம்பியை எடுக்க வைத்தாளாம். முதலில் வந்தது 273. அந்த வீட்டு அம்மா பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்வரை வாசலிலேயே காத்திருந்து கேட்டிருக்கிறாள்.