லாரிக்கு முன்பணம் கட்டும் முன் மின் இணைப்பைப் பாருங்கள்

சரக்கு வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் துறைமுகத்திலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து ஆலை என்று ஒரே தடத்தில் போய்வந்து, ராத்திரி தன் ஷெட்டுக்கே திரும்பிவிடும் வண்டிக்கு அது பெரிய சிக்கலே இல்லை.

கணக்கைப் பாருங்கள். மொத்த எடை 40 டன் உள்ள லாரி கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மேடு பள்ளம், குளிர், ஓட்டும் விதம் எல்லாம் இதைக் கூட்டும் குறைக்கும். 150 கிலோமீட்டருக்கு 180 யூனிட். இரவு 10 மணி நேரம் நின்றால், வண்டி ஏற்றுக்கொள்ளும் வகையாக இருக்கும்பட்சத்தில், 22 கிலோவாட் சார்ஜரே போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 150 கிலோவாட் சார்ஜர் பத்து வாங்கி, மாலையில் வண்டிகள் வந்து நின்றதும் பத்தையும் ஒன்றாகப் போட்டால் 1,500 கிலோவாட். அதற்கு உயர் அழுத்த இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர், அனுமதி என்று மாதக்கணக்கில் இழுக்கும், லாரிகளோ அதற்கு முன்பே வந்து சும்மா நிற்கும், தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பல இடங்களில் அந்த மாதத்தில் எப்போதாவது இழுத்த உச்ச அளவுக்கும் தனியாகக் கட்டணம் உண்டு. ஒரு மாலை அவசரத்துக்கு மாதம் முழுக்கப் பணம். வண்டிகளை முறைவைத்து சார்ஜ் ஏற்றும் மென்பொருளுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

அப்புறம் எடை. பெரிய பேட்டரி டன் கணக்கில் கனக்கும், மொத்த எடைக்கு வரம்பு இருப்பதால் அந்த அளவுக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் புகை விடாத லாரிகளுக்கு மொத்த எடையில் 2 டன் வரை சலுகை உண்டு, உங்கள் ஊர் விதி என்ன என்று விசாரியுங்கள். பஞ்சு, காலி அட்டைப்பெட்டி ஏற்றுபவருக்கு இது பொருட்டில்லை. சிமென்ட், இரும்பு ஏற்றுபவருக்கு ஒவ்வொரு டிரிப்பிலும் இடிக்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய பேட்டரி வாங்குவதை நான் தடுப்பதற்குக் காரணம் விலை மட்டுமல்ல.

வாங்கும் விலை டீசலைவிட அதிகம், அதை ஓடி ஓடித்தான் மீட்க வேண்டும். டீசலில் உள்ள ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடுகிறது, நெரிசலில் நின்று நின்று போனால் இன்னும் மோசம். மின்சார மோட்டாரில் அந்த வீண் மிகக் குறைவு, பிரேக் போடும்போது கொஞ்சம் திரும்பியும் வரும். ஒரு விஷயம்: ஷெட் மேட்டில் இருந்தால் 100 சதவீதம் ஏற்றாதீர்கள், நிரம்பிய பேட்டரியில் இறக்கத்து ஆற்றலைச் சேர்க்க இடமிருக்காது.

இதெல்லாம் சரி, ராத்திரி பிளக்கைச் செருகுவது யார்? ஓட்டுநரா, காவலாளியா? சாதாரணக் கேள்வியாகத் தெரியும், ஆனால் காலையில் பாதி சார்ஜோடு நிற்கும் வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் இதற்குப் பதில் முடிவாகாததுதான். ஒருவர் பெயரை எழுதி சார்ஜர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.